ஷெரிஃப் போடும் கையெழுத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழர்களைப் பற்றி நம் இதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் வாஷிங்டனையே சுற்றி வருகின்றன. எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல், அதற்கு 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம், கிரீன் கார்டுக்கான நீண்ட வரிசை. எல்லாம் முக்கியம்தான். ஆனால் ஒருவர் குடியேற்றத் துறையின் காவலுக்குப் போய்ச் சேரும் பாதை பல நேரம் தெருமுனையில்தான் தொடங்குகிறது. பின்விளக்கு எரியாத கார், தேதி முடிந்த ஓட்டுநர் உரிமம், ஸ்கேன் ஆகாமல் பைக்குள் போன ஒரு பொருள், பக்கத்து வீட்டிலிருந்து போன ஒரு புகார் அழைப்பு. அங்கே முதலில் வந்து நிற்பவர் உள்ளூர்ப் போலீஸ்காரர். அவரைக் குடியேற்ற அதிகாரியாகவும் வேலை செய்ய வைப்பதா என்பதை அவருடைய கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மாநிலமும் முடிவு செய்கின்றன. அந்த முடிவு எடுக்கும் கூட்டங்களில் நம்மவர் குரல் கேட்பதே இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம். உரிய விசா இல்லாமல் நாட்டில் இருப்பது பொதுவாகக் குற்றம் ஆகாது, அது சிவில் விவகாரம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-ல் அரிசோனா வழக்கில் சொன்னது. ஆகவே, பின்னால் சொல்லப்போகும் 287(ஜி) ஒப்பந்தம் இல்லாமல், அந்த ஒரே காரணத்துக்காக உள்ளூர்ப் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. தன் திட்டத்தை நடத்திக் கொடு என்று மாநில அதிகாரிகளுக்கு மத்திய அரசு ஆணையிடவும் முடியாது. 1997-ல் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பது பற்றிய பிரின்ட்ஸ் வழக்கிலும், 2018-ல் விளையாட்டுப் பந்தயம் பற்றிய மர்ஃபி வழக்கிலும் இதே நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. மத்திய அரசு கேட்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்பது மாநிலத்தின் கையில்.

கேட்பது எப்படி நடக்கிறது? கைதானவரைக் கவுண்டி சிறையில் புக்கிங் செய்யும்போது, அதாவது பதிவேட்டில் ஏற்றும்போது, பத்து விரல்களின் ரேகையும் எடுக்கிறார்கள். அது எஃப்.பி.ஐ.க்குப் போகிறது. அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்கும் போகிறது. 2008-ல் தொடங்கிய ஏற்பாடு இது. எந்தக் கவுண்டியும் இதிலிருந்து விலக முடியாது. குற்றச்சாட்டு பிறகு தள்ளுபடியானாலும் ரேகை போனது போனதுதான். அதனால்தான் டிக்கெட் எனப்படும் அபராதச் சீட்டோடு முடியும் சாலை நிறுத்தத்துக்கும் புக்கிங் வரை போகும் கைதுக்கும் இடையிலான தூரம் குடியுரிமை இல்லாதவருக்கு மிகப் பெரிது.

ரேகை பொருந்தினால் ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறை, சிறைக்கு ஐ-247ஏ என்ற படிவத்தை அனுப்பும். இதைத்தான் டிடெய்னர் என்கிறார்கள். இவரை விடுதலை செய்ய வேண்டிய நேரத்துக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள், நாங்கள் வந்து அழைத்துப் போகிறோம் என்பது அதன் சாரம். கைதியிடம் ஒரு பிரதி கொடுத்தால்தான் டிடெய்னர் செல்லும் என்று அந்தப் படிவமே சொல்கிறது. ஆனால் குடும்பத்தினர் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்குவது அரிது.

டிடெய்னரில் நீதிபதியின் கையெழுத்து இருக்காது. அதோடு இணைத்து வரும் ஐ-200 அல்லது ஐ-205 வாரன்டிலும் இருக்காது. அதில் கையெழுத்திடுபவர் அதே துறையின் அதிகாரி. இது வெறும் வேண்டுகோள்தான், கட்டளை ஆகாது என்று மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் கலார்சா வழக்கில் தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டி சிறை பிணை கட்டிய பிறகும் மூன்று நாள் பிடித்து வைத்த அந்த மனிதர் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். அதே ஆண்டில் ஒரிகான் மாநிலத்தின் கிளாக்கமஸ் கவுண்டி வழக்கில், போதிய ஆதாரமின்றி டிடெய்னரை மட்டும் நம்பிப் பிடித்து வைத்தது அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தை மீறிய செயல் என்றும், அதற்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு கவுண்டியுடையது என்றும் தீர்ப்பு வந்தது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல் லன் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: இந்த வேண்டுகோளை வைத்து ஒருவரைக் கூடுதல் நேரம் பிடித்து வைப்பது ஒரு புதிய கைது, அப்படிக் கைது செய்யும் அதிகாரம் மாநில அதிகாரிகளுக்கு இல்லை.

இந்தக் கட்டத்தில் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, பிணைப் பணத்தோடு அவசரமாக ஓடுவது. பணம் கட்டிய நொடியில் உள்ளூர்க் காவல் முடிந்து அந்த 48 மணி நேரம் தொடங்குகிறது. மகன் வெளியே வருவான் என்று வாசலில் காத்திருப்பவர்களுக்கு, பின்வாசல் வழியாக வேறு ஊர்த் தடுப்பு மையத்துக்கு அவனைக் கொண்டுபோன செய்தி மறுநாள் வருகிறது. கேடு அதோடு முடிவதில்லை. அவர் அங்கே இருப்பதால் குற்றவியல் நீதிமன்றத்தின் வாய்தாவுக்கு வர முடியாமல் போகிறது. நீதிபதி பிடிவாரன்ட் போடுகிறார். கட்டிய பிணையும் பறிபோகலாம். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே சிறை அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: "இமிக்ரேஷன் ஹோல்டு இருக்கிறதா?" டிடெய்னரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இருக்கிறது என்றால், குற்றவியல் வழக்கறிஞரும் குடியேற்ற வழக்கறிஞரும் ஒருவரோடு ஒருவர் பேசிய பிறகுதான் பிணை கட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு தொழில். ஒருவருக்கு மற்றவருடைய சட்டம் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

இனி 287(ஜி). குடியேற்றச் சட்டத்தில் 1996-ல் சேர்த்த பிரிவு இது. இதன்படி கவுண்டியின் காவலுக்கும் சிறைக்கும் பொறுப்பான ஷெரிஃபோ, நகரக் காவல் தலைவரோ மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டால், அவருடைய ஆட்களுக்குக் குடியேற்ற அதிகாரியின் சில அதிகாரங்கள் கிடைக்கும். மூன்று வகை உண்டு. முதல் வகையில் சிறைக்குள் வந்தவரைச் சிறை ஊழியரே விசாரித்து டிடெய்னர் போடுவார். இரண்டாவது வகை 2019-ல் வந்தது. மத்திய அதிகாரி தரும் வாரன்டைச் சிறைக்குள் சார்வு செய்வது மட்டுமே வேலை. மூன்றாவதுதான் நாம் கவலைப்பட வேண்டியது: டாஸ்க் ஃபோர்ஸ் வகை. ரோந்துப் போலீஸ்காரர் சாலையில் நிறுத்தியவரிடமே குடியேற்றக் கேள்வி கேட்கலாம், கைதும் செய்யலாம். இனப் பாகுபாட்டுப் புகார்களுக்குப் பிறகு 2012-ல் கைவிட்ட இந்த வகையை 2025 ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்தார்கள். முன்பு வாரக்கணக்கில் நேரில் நடந்த பயிற்சி இப்போது 40 மணி நேர இணையவழிப் பாடமாகச் சுருங்கிவிட்டது. 2025 தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுமார் 135 ஆக இருந்த ஒப்பந்தங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டின.

அந்த மூன்றாவது வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அரிசோனாவின் மாரிகோப்பா கவுண்டியே சாட்சி. தோலின் நிறத்தைப் பார்த்து வண்டிகளை நிறுத்தினார்கள் என்று 2013-ல் மத்திய நீதிபதி முர்ரே ஸ்னோ தீர்ப்பளித்தார். ஷெரிஃபாக இருந்த ஜோ அர்பாயோ நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று 2017-ல் முடிவானது; அதே ஆண்டு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். ஷெரிஃபுக்கு மன்னிப்பு கிடைத்தது. நீதிமன்றக் கண்காணிப்புக்கும் சீர்திருத்தத்துக்குமான கோடிக்கணக்கான டாலர் செலவு கவுண்டியின் வரி கட்டும் மக்கள் தலையில் விழுந்தது.

"நாங்கள் முறைப்படி விசா வாங்கி வந்தவர்கள், எங்களுக்கு என்ன?" என்ற கேள்வி தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் தவறாமல் எழுகிறது. இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

எச்-1பி நீட்டிப்புக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தவர், எதுவரை தங்கலாம் என்று காட்டும் பழைய ஐ-94 பதிவின் தேதி முடிந்த பிறகும் 240 நாள் வரை அதே நிறுவனத்தில் வேலை செய்யலாம். அவர் கையில் இருப்பது விண்ணப்பம் பெற்றதற்கான ஐ-797 ரசீது மட்டும். சாலையில் நிற்கும் காவலருக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. அவர் பார்க்கும் தேதி முடிந்துபோன தேதி. இன்னொன்று, 2005-ன் ரியல் ஐடி சட்டப்படி தற்காலிக விசாக்காரரின் ஓட்டுநர் உரிமமும் அனுமதிக்கப்பட்ட தங்கலோடு சேர்ந்தே முடியும். நீட்டிப்பு தாமதமானால் உரிமம் முடிகிறது. முடிந்த உரிமத்தோடு ஓட்டுவது சில மாநிலங்களில் அபராதம். ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் கைது வரை போகலாம். கைது என்றால் புக்கிங். புக்கிங் என்றால் ரேகை. விண்ணப்பம் மேசையில் கிடந்ததுதான் அவர் செய்த குற்றம்! பாஸ்போர்ட் காலாவதி தேதியை ஒட்டி ஐ-94-ஐக் குறைத்துக் கொடுத்திருப்பதைக் கவனிக்காதவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். ஒவ்வொரு முறை நாடு திரும்பிய பின்னும் ஐ-94-ஐப் பதிவிறக்கி, அதில் உள்ள தேதியைப் பாருங்கள். விசா ஸ்டிக்கரில் இருக்கும் தேதி இதற்கு உதவாது. வேலை போனவருக்குக் கிடைக்கும் அவகாசமும் 60 நாள் அல்லது ஐ-94 முடியும் நாள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான்.

மாணவர்கள் விஷயம் இதைவிடக் கொடியது. 2025 வசந்த காலத்தில் சுமார் 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை மத்திய அரசு குற்றத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டது. 6,400 பெயர் பொருந்தியதாக அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் கூறியது. அதை வைத்து வெளிநாட்டு மாணவர்களுக்கான செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளை ரத்து செய்தார்கள். வேகமாக ஓட்டியவர், தள்ளுபடியான வழக்கில் பெயர் வந்தவர், புகார் கொடுத்தவர் என்று எல்லோரும் அதில் சிக்கினார்கள். பலரும் இந்திய மாணவர்கள். வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் அரசு பின்வாங்கியது. எப்போதோ ஓர் ஊர்ப் போலீஸ் தட்டச்சு செய்த ஒரு வரி, ஆண்டுகள் கழித்து ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தியது. விசா முறையாக இருந்தும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவை நினைத்தால்தான் எங்களுக்கு அச்சம் அதிகம். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், குஜராத்திலிருந்து பேரனுக்காக வந்திருந்த 57 வயதுக்காரர் காலையில் தெருவில் நடந்துகொண்டிருந்தார். சந்தேகத்துக்குரிய ஆள் ஒருவர் நடமாடுகிறார் என்று யாரோ அழைத்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. காவலர் அவரைத் தரையில் வீழ்த்தியதில் கழுத்துப் பகுதி முதுகெலும்பு பாதிக்கப்பட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போக, நீதிபதி அந்தக் காவலரை விடுவித்தார். சிவில் வழக்கு 2021-ல் 17.5 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

அப்படி நடப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியவை சில உண்டு. காவலர் பேசும்போது கையைச் சட்டைப் பைக்குள்ளோ வேட்டி மடிப்புக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. ஆயுதம் எடுப்பதாகத் தோன்றும். ஆகவே விலாசமும் மகன் மகள் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடுவதே நல்லது. அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும்: எனக்குத் தமிழ் மட்டும் தெரியும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் நம் "ஆமாம்" அவர்களுக்கு "இல்லை"யாகவோ அலட்சியமாகவோ தெரியும். ஓடவோ திரும்பி நடக்கவோ கூடாது. கைகள் தெரியும்படி நின்றாலே பாதி ஆபத்து போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர் கேட்பது சலுகை ஆகாது. மத்திய நிதி பெறும் எந்தக் காவல் துறையும் 1964-ன் குடிசார் உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்புப்படி பூர்வீக நாட்டின் பெயரால் யாரையும் ஒதுக்க முடியாது; மொழியின் பெயரால் ஒதுக்குவதும் அதில் அடங்கலாம். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், "இந்தியர்" என்றதும் இந்தி பேசும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துத் தருகிறார்கள். நம்மவர் மரியாதைக்காகப் பாதி புரிந்த கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார். "தமிழ்" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தொலைபேசி மொழிபெயர்ப்பு நிறுவனங்களிடம் தமிழ் பேசுவோர் இருக்கிறார்கள். புரியாத கேள்விக்கு ஒப்புக்கொண்டதாகப் பதிவாவதைவிடக் காத்திருப்பது மேல்.

வண்டியை நிறுத்தினால் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு மூன்றையும் கேட்டதும் கொடுங்கள். உள்ளூர்க் காவலர் எங்கே பிறந்தாய், என்ன விசா என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. அதை மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் பொய் சொல்லவே கூடாது. குறிப்பாக, குடிமகன் என்று பொய் சொன்னால் வாழ்நாள் முழுக்கக் குடியேற்ற வாசல் அடைபடும். கேட்பவர் மத்திய அதிகாரி என்றால் கணக்கு வேறு. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் கிரீன் கார்டையோ ஐ-94-ஐயோ உடன் வைத்திருக்க வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. இப்போது அதை அமல்படுத்துகிறார்கள். கார்டை வங்கி லாக்கரில் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். டிக்கெட் எழுதி முடிந்ததும் "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" (நான் போகலாமா?) என்று கேளுங்கள். நிறுத்தியதன் வேலை முடிந்த பிறகு புதிய சந்தேகம் எதுவுமில்லாமல் இழுத்தடிக்கக் கூடாது என்பது 2015-ன் ரோட்ரிகஸ் தீர்ப்பு. காரைச் சோதிக்கக் கேட்டால் சம்மதமில்லை என்று வாயால் சொல்லுங்கள், உடலால் தடுக்காதீர்கள். டிக்கெட்டில் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. மறுத்தால்தான் கைது வரலாம்.

டிக்கெட்டின் வாய்தாவைத் தவறவிடுவதுதான் சத்தமில்லாத கண்ணி. வேலை மாறி வீடு மாறியிருப்பார். நீதிமன்றக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். பிடிவாரன்ட் நிலுவையில் இருக்கும். அடுத்த முறை நிறுத்தும்போது நேராகச் சிறைதான். விலாச மாற்றத்தைப் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். அதைச் செய்யும் அன்றே மோட்டார் வாகன அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

கடைத் திருட்டு வழக்குகள் பற்றி நம் சமூகத்தில் வெளியே பேசுவதில்லை. வெட்கத்தால் மறைக்கிறார்கள், மறைப்பதால் தவறான ஆலோசனையில் விழுகிறார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள், ஆறு மாதத்தில் பதிவை அழித்துவிடலாம்" என்று மாநில நீதிமன்றத்தில் சொல்வது குடிமகனுக்குச் சரி. குடியேற்றச் சட்டத்தின் அகராதி வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தால், பிறகு அழித்தாலும் அது தண்டனைத் தீர்ப்பாகவே எண்ணப்படும். ஒப்புதல் எதுவும் இல்லாமல் வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே முடிக்கும் டைவர்ஷன் திட்டம்தான் பாதுகாப்பானது. இந்த விளைவுகளைக் கட்சிக்காரருக்குச் சொல்லும் கடமை வழக்கறிஞருக்கு உண்டு என்று 2010-ல் படில்லா தீர்ப்பு வந்தது. அதை நினைவூட்டிக் கேளுங்கள். 2025 ஜனவரியில் வந்த லேகன் ரைலி சட்டம் சிலவகை நிலைகளில், குறிப்பாக உரிய ஆவணமின்றி இருப்போருக்கு, திருட்டுக் குற்றச்சாட்டு வந்தாலே பிணையில்லாக் காவல் என்று ஆக்கியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திருப்பதில்லை. குடித்துவிட்டு ஓட்டிக் கைதானாலும் தண்டனைக்கு முன்பே தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். வழக்கு எப்படி முடிந்தாலும் நீதிமன்ற முத்திரையுள்ள முடிவுச் சான்றை வாங்கி வையுங்கள். இருபது ஆண்டு கழித்துக் குடியுரிமை நேர்காணலிலும் அதைக் கேட்பார்கள்.

உள்ளூர்ப் போலீசும் குடியேற்றத் துறையும் ஒன்றாகக் கலந்தால் யார் அதிகம் இழக்கிறார்கள்? அடிபடும் பெண்கள். எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியின் தங்கல் கணவனின் விசாவில் தொங்குகிறது. போலீசை வரவழைக்கும் 911 எண்ணை அழைத்தால் அவன் வேலை போகும், விசா போகும், குழந்தைகளோடு நாடு திரும்ப வேண்டும் என்று மிரட்டியே வாயை அடைக்கிறார்கள். ஷெரிஃப் குடியேற்ற ஒப்பந்தம் போட்டிருக்கிறார் என்ற செய்தி அந்த மிரட்டலுக்கு வலு சேர்க்கிறது. அழைத்த பிறகும் தவறு நடக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசும் கணவனையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். அவன் கையில் இருக்கும் நகக் கீறலைக் காட்டுகிறான். இருவரையும் கைது செய்கிறார்கள், சில வேளை அவளை மட்டும். குடும்ப வன்முறைத் தீர்ப்பு நாடு கடத்தலுக்குத் தனிக் காரணம் என்பதால், தற்காத்துக்கொண்டவளே சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகிறாள்.

அவளுக்குச் சட்டத்தில் வழி உண்டு, அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. கணவன் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரனாகவோ இருந்தால் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புக்கான வாவா சட்டத்தின் கீழ் அவளே கணவன் துணையின்றிக் கிரீன் கார்டுக்கு வழி தேடி விண்ணப்பிக்கலாம். எச்-1பி கணவன் என்றால் அந்த வழி இல்லை. ஆனால் யு விசா இருக்கிறது. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவியவருக்கு 2000-ல் வந்த விசா அது. ஆண்டுக்கு 10,000 மட்டும் என்பதால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதற்கு முதலில் வேண்டியது ஐ-918 என்ற விண்ணப்பப் படிவத்தின் பி இணைப்பில் காவல் துறை அல்லது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் கையெழுத்து. கையெழுத்திட்ட ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கையெழுத்திடுவதா வேண்டாமா என்பதைப் பல ஊர்களில் ஒரே ஓர் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இதற்குச் சட்டத்திலேயே காலக்கெடு வைத்திருக்கின்றன. இதுவும் உள்ளூரில் மாற்றக்கூடிய விஷயம்தான். வன்முறைக்கு உள்ளான எச்-4 மனைவி தனியே வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்ற படிவமும் இருக்கிறது.

ஷெரிஃப்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு: ஆபத்தான ஆளை வெளியே விட்டு ஊருக்குள் தேடுவதைவிடச் சிறையிலேயே ஒப்படைப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு என்கிறார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கொடுங்குற்றம் சாட்டப்பட்டவரைப் பிணையில் விடுவதா என்பதை ஏற்கெனவே உள்ளூர் நீதிபதி முடிவு செய்கிறார். உண்மையிலேயே ஒருவரைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் ஐஸ் துறை நீதிபதியிடம் போய் வாரன்ட் வாங்கி வரட்டும். எந்த மாநிலச் சட்டமும் நீதிபதியின் வாரன்டைத் தடுப்பதில்லை. பெருநகரக் காவல் தலைவர்களின் சங்கமே 2006-ல், இந்த வேலையை எங்கள் தலையில் கட்டினால் குடியேறியவர்கள் சாட்சி சொல்லக்கூட முன்வர மாட்டார்கள் என்று எச்சரித்தது.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. கலிஃபோர்னியா 2017-லும் வாஷிங்டன் மாநிலம் 2019-லும் சட்டம் போட்டு உள்ளூர்ப் போலீசை விலக்கி வைத்தன, இலினாயிலும் அப்படியே. நியூஜெர்சியில் 2018-ன் தலைமை வழக்கறிஞர் ஆணை. டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா நேர் எதிர். நியூஜெர்சியின் எடிசனிலிருந்து டெக்சஸின் ஃபிரிஸ்கோவுக்கு வேலை மாறுபவர் வீட்டு விலையோடு இதையும் கணக்கில் எடுக்க வேண்டிய காலம் இது. டெக்சஸில் 2025-ல் நிறைவேறிய சட்டம் சிறை நடத்தும் ஷெரிஃப்களை 287(ஜி) ஒப்பந்தத்துக்குள் வரச் சொல்கிறது. ஆனால் மூன்று வகைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஷெரிஃப் கையில். சாலையில் இறங்கும் டாஸ்க் ஃபோர்ஸ் வேண்டாம், சிறைக்குள் வாரன்ட் சார்வு செய்வதோடு நில்லுங்கள் என்று கேட்பதற்கு அங்கேயும் இடமிருக்கிறது.

கேட்பது எப்படி? உங்கள் கவுண்டி ஒப்பந்தம் போட்டிருக்கிறதா என்பது ஐஸ் துறையின் இணையதளப் பட்டியலில் இருக்கும். இல்லாத விவரங்களைப் பொது ஆவணக் கோரிக்கை வழியாகக் கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை டிடெய்னர் வந்தது, எத்தனை பேரை விடுதலை நேரம் கடந்து வைத்திருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மீது போக்குவரத்துக் குற்றம் மட்டும், இந்த வேலைக்கான சம்பளமும் வழக்குச் செலவும் யார் கணக்கில் எழுதப்பட்டது, யு விசாக் கையெழுத்துக்கு எத்தனை நாள் எடுக்கிறார்கள், தொலைபேசி மொழிபெயர்ப்பு ஒப்பந்தத்தில் தமிழ் இருக்கிறதா. நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும் கேமராக்கள் இருந்தால், அந்தத் தரவை வேறு மாநிலத்தார் தேடிய பதிவேட்டையும் கேளுங்கள். தேடிய காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குடியேற்ற நடவடிக்கைக்கு அந்தத் தரவைத் தரக் கூடாது என்று இலினாயில் சட்டமே இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் கேமரா அமைப்பில் தரவுப் பகிர்வை நிறுத்தும் ஒரு பொத்தானைத் திருப்பி வைத்தாலே போதுமானதாக இருக்கலாம்.

பிறகு கவுண்டி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். பெயர் கொடுத்தால் இரண்டு அல்லது மூன்று நிமிடம் பேசலாம். பேசக் குடியுரிமை தேவையில்லை. வாக்களிக்கத்தான் தேவை. ஷெரிஃப் பதவி பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் பதவி என்பதைக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் நினைவில் வையுங்கள். பெறாதவர்கள் உரிமம் வாங்கும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தெரியாமல்கூடக் குறி போட்டுவிடாதீர்கள். குடிமகன் என்று பொய் சொன்னதாகவே அது முடியும். பொங்கல் விழாவுக்கு ஷெரிஃபை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் சங்கங்கள் அதே மேடையில் இந்தக் கேள்விகளில் இரண்டையாவது கேட்க வேண்டும்.

கைது என்று செய்தி வந்தால் ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் சில விவரங்கள். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் கைதானால் அமெரிக்க அதிகாரிகள் தாங்களே தூதரகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தியர், இலங்கையர் விஷயத்தில் கைதானவர் கேட்டால்தான் தெரிவிப்பார்கள். ஆகவே "கான்சுலேட்டுக்குச் சொல்லுங்கள்" என்று அவரே சொல்ல வேண்டும். சிறைத் தொலைபேசி உரையாடல் பதிவாகிறது. வழக்கைப் பற்றி அதில் பேச வேண்டாம். கைபேசியைப் பறித்துவிடுவார்கள் என்பதால் ஒரு எண்ணையாவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குடியேற்ற வழக்கில் அரசு இலவச வழக்கறிஞர் தருவதில்லை. நாடு திரும்பச் சம்மதம் என்ற தாளில் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

ஐஸ் காவலில் இருப்பவரைத் தேட இணையத்தில் வசதி உண்டு. வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் ஒன்பது இலக்க ஏ-எண்ணும் பிறந்த நாடும் இருந்தால் உடனே கிடைக்கும். வேலை அனுமதி அட்டையிலும் கிரீன் கார்டிலும் அந்த எண் அச்சாகியிருக்கும். எண் இல்லாமல் பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நம் பெயர்கள் இங்கேதான் சிக்குகின்றன. குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசா கொடுக்கும்போது, இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது) என்று அடிக்கிறார்கள். உரிமத்தில் அப்பா பெயர் முன்னே வரும், சிறைப் பதிவில் இனிஷியல் விரிந்து பின்னே போயிருக்கும். ஆகவே எஃப்.என்.யு. போட்டு ஒரு முறை, அப்பா பெயரை முன்னும் பின்னும் மாற்றி இரு முறை என்று தேடுங்கள். பிறந்த நாடு என்ற கட்டத்தில், குவைத்தில் பிறந்த பிள்ளைக்கு குவைத் என்றே போட வேண்டும். அப்போதும் பெயர் வரவில்லையென்றால், புக்கிங் செய்த கவுண்டி சிறையையே அழைத்து, எந்தத் துறையிடம், எந்த நாள், எத்தனை மணிக்கு ஒப்படைத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்கவாழ் தமிழ் வாசகர்கள் சிலர்